நகரப் பயணம்: யாருடைய தேர்வு?

(தில்லியில் வாழும் தமிழ்த் தொழிலாளர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நகர மக்கள் அன்றாடப் பயணத்துக்குப் போக்குவரத்துச் சாதனத்தை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது இன்றைய வகுப்புக்கு எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. பேருந்தா, மெட்ரோ ரயிலா, இருசக்கர வாகனமா, காரா, மிதிவண்டியா, நடையா? பொறியாளர்கள் விவாதிக்க வேண்டிய பொருள் இது, கட்சி வகுப்பில் இதற்கென்ன இடம் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். மொழிபெயர்ப்புப் பணியில் நெடுங்காலம் இருப்பவர்களுக்குச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளுக்குள் நுழையும் பழக்கம் உண்டு. ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

திட்ட ஆவணங்களில் இதனை 'மோட் சாய்ஸ்' என்று எழுதுவார்கள். 'பயணமுறைத் தேர்வு' என்று தமிழாக்கலாம். மொழிபெயர்ப்பு சரியாகவே இருக்கும். ஆனால் தேர்ந்தெடுப்பது என்றால் குறைந்தது இரண்டு வழிகளாவது கண்முன் திறந்திருக்க வேண்டும். இரண்டுக்குமான விலையைக் கொடுக்கக் கையில் பணமும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவர் செய்வதைத் தேர்வு என்று அழைக்கும்போது அவருடைய நிலைமைக்கு அவரையே பொறுப்பாக்கி விடுகிறோம். தமிழில் தேர்வு என்பதற்குப் பரீட்சை என்ற பொருளும் உண்டல்லவா? நரேலாவிலிருந்து புறப்பட்டு ஓக்லா தொழிற்பேட்டையில் காலைப் பணிநேரத்துக்குள் நுழைய வேண்டிய தொழிலாளிக்கு அந்த இரண்டாம் பொருளே பொருந்தும்; அன்றாடம் எழுதும் பரீட்சை, தாமதமானால் அரைநாள் சம்பளம் போய்விடும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பணியிடத்துக்கு எவ்வாறு செல்கிறீர்கள் என்ற கேள்வி கேட்கப்பட்டது. விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற வேலைகளில் இருந்த ஏறக்குறைய 20 கோடிப் பேரைப் பற்றிய விவரம் அது. அவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு மேல் நடந்தே வேலைக்குச் சென்றார்கள். மிதிவண்டியில் சென்றவர்கள் 13 பேர். பேருந்தில் சென்றவர்கள் 11 பேர். காரில் சென்றவர்கள் 3 பேருக்கும் குறைவு. தொலைக்காட்சி விவாதங்களில் 'போக்குவரத்து நெரிசல்' என்று பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் அந்த மூன்று பேரின் துயரம்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நடப்பவருக்கு நெரிசல் ஒரு பொருட்டல்ல. நடைபாதை இருக்கிறதா, சாலையைக் கடக்க முடிகிறதா என்பனவே அவருடைய கேள்விகள். இவை போக்குவரத்துக் கேள்விகளாகவே கருதப்படுவதில்லை.

நடந்து செல்பவர்கள் ஏன் நடக்கிறார்கள்? உடல்நலம் கருதி அல்ல. பேருந்துக் கட்டணம் கொடுத்தால் கட்டுப்படியாகாத கூலியில் வேலை செய்வதால், நடந்து செல்லும் தொலைவுக்குள் இருக்கும் வேலையையே ஏற்றுக்கொள்கிறார்கள். அல்லது வேலையிடத்திலிருந்து நடக்கும் தொலைவுக்குள் ஒரு குடிசையைத் தேடிக்கொள்கிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுப்பது வாகனத்தையல்ல, வசிப்பிடத்தை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் குடிசை அகற்றமும் போக்குவரத்துப் பிரச்சனைதான் என்பது விளங்கும்.

நம் கண்முன் நடந்த உதாரணம் இருக்கிறது. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் குடியிருப்பு, உயர்நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2025 ஜூன் 1 அன்று இடித்துத் தள்ளப்பட்டது. ஏறக்குறைய 370 வீடுகள். பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடம். அவர்களில் ஒரு பகுதியினர் மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையோர் என்று அறிவிக்கப்பட்டனர். அந்த மாற்று வீடுகளும் ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு அப்பால், நகரின் வடகோடியில், நரேலாவில் ஒதுக்கப்பட்டன. அங்கிருந்த பெண்கள் பலர் ஜங்புரா, போகல், நிஜாமுத்தீன் பகுதிகளில் வீட்டு வேலை செய்துவந்தவர்கள். காலையில் இரண்டு வீடு, மதியம் ஒரு வீடு, மாலையில் மீண்டும் முதல் வீடு என்று நடந்தே சென்று வந்தவர்கள். இந்த வேலையின் அமைப்பே நடையை நம்பியது. 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் நண்பகலில் வீடு திரும்பிப் பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு மாலையில் மறுபடி வரமுடியாது. நரேலாவுக்கு ரிதாலாவிலிருந்து மெட்ரோ பாதையை நீட்டிக்க 2024 டிசம்பரில்தான் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வீடு முன்னே போய்விட்டது; ரயில் பின்னால் வரும் என்கிறார்கள். இந்தப் பெண்களிடம் போய், நீங்கள் எந்தப் பயணமுறையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று படிவத்தோடு நின்றால் அவர்கள் என்ன எழுதுவார்கள்? 'வேலையை விட்டுவிட்டேன்' என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இனி, பொறியாளர்களின் கணக்கைப் பார்ப்போம். அதனை ஏளனம் செய்வது என் நோக்கமல்ல. இந்தத் துறையின் அடிப்படைக் கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டேனியல் மெக்ஃபாடன் என்ற அமெரிக்கப் பொருளியலாளருக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் புதிய ரயில் வரப்போகும் வேளையில், எத்தனை பேர் காரை விட்டு அதில் ஏறுவார்கள் என்று முன்கூட்டிக் கணிக்க அவர் முயன்றார். அந்த முறையின் சாரம் எளிது. ஒவ்வொரு பயணமுறைக்கும் ஆகும் பணம், ஆகும் நேரம், காத்திருப்பு, இடையில் மாறி ஏறும் தொல்லை ஆகியவற்றைக் கூட்டி ஓர் எண்ணாக்கினால், எது குறைவோ அதன் பக்கம் மக்கள் சாய்வார்கள். நம் வீட்டுப் பெண்கள் காய்கறி வாங்கும்போது மனதில் போடும் கணக்குதான். முன்கணிப்புக் கருவியாக அது நன்றாகவே வேலை செய்கிறது.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. நேரத்தையும் பணத்தையும் கூட்டவேண்டுமானால் நேரத்துக்கு விலை வைத்தாக வேண்டும். ஒருவருடைய ஒரு மணி நேரத்தின் விலை என்ன? அவருடைய வருமானத்தை ஒட்டி அது நிர்ணயிக்கப்படுகிறது. மேம்பாலம் கட்டலாமா, சாலையை அகலப்படுத்தலாமா என்று பொருளாதார மதிப்பீடு செய்யும்போது, காரில் வருபவரின் ஒரு மணி நேரம் உயர்ந்த விலையிலும் பேருந்தில் வருபவரின் ஒரு மணி நேரம் தாழ்ந்த விலையிலும் கணக்கில் ஏறுகின்றன. நடப்பவரின் மணி நேரம் பெரும்பாலும் கணக்குக்கே வருவதில்லை. ஆகவே பேருந்துப் பயணிகள் பலரின் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும் திட்டத்தைவிட, கார்க்காரர்கள் சிலரின் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும் திட்டம் தாளில் அதிக லாபமுடையதாகத் தோன்றிவிடக்கூடும். இதில் எவரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. கூலி குறைவாக இருப்பவனின் வாழ்நாளும் மலிவானது என்ற முதலாளித்துவ விதி, கூட்டல் கழித்தல் வடிவத்தில் சாலைக்கு வந்திருக்கிறது.

இந்த விதி எப்படி வாய்திறந்து பேசியது என்பதற்குத் தில்லியிலேயே சான்று உண்டு. 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தொலைவுக்குப் பேருந்துகளுக்கென்று தனித்தடம் அமைக்கப்பட்டது. மிதிவண்டிக்கும் நடப்பவருக்கும் தனிப்பாதைகள் இருந்தன. அந்தச் சாலையைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பான்மையோர் பேருந்துப் பயணிகள். ஆனால் காருக்கு மிஞ்சிய இடம் சுருங்கியது. பத்திரிகைகள் கொதித்தன. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. வளரும் பொருளாதாரத்தில் செல்வத்தை உருவாக்குவோரின் நேரம் மதிக்கப்பட வேண்டும், காரில் செல்வோரே செல்வத்தை உருவாக்குவோர், அவர்கள் களைத்துப்போய் அலுவலகம் சேருகிறார்கள் என்று அந்த வழக்கில் வாதிடப்பட்டது. தோழர்களே, செல்வத்தை உருவாக்குவது யார் என்ற கேள்விக்கு நாம் நூறாண்டுகளாக விடை சொல்லிவருகிறோம். அது பேருந்துத் தடம் பற்றிய வழக்கில் எழும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 2012 அக்டோபரில் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்து மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் தடம் பிழைக்கவில்லை. அதில் குறைபாடுகள் இருந்தன என்பது உண்மை. சாலையின் நடுவில் அமைந்த நிறுத்தங்களை அடைவது கடினமாக இருந்தது. திருத்தியிருக்கலாம். 2016-இல் தில்லி அரசு அதனைப் பெயர்த்தெடுத்துவிட்டது.

இதே துறையில் இன்னொரு வகைப்பாடு உண்டு. பயணிகளை இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். சொந்த வாகனம் இருந்தும் பொதுப் போக்குவரத்தை நாடி வருபவர் 'சாய்ஸ்' பயணி. வேறு வழியின்றி வருபவர் 'கேப்டிவ்' பயணி. பின்னதைக் 'கட்டுண்ட பயணி' என்று தமிழாக்கலாம். 'சிறைப்பட்ட பயணி' என்பதே நேர்ப்பொருள். சிறைப்பட்டவர் எங்கும் போய்விட மாட்டார் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. ஆகவே குளிர்சாதனமும் மின்தூக்கியும் முதல் வகையினரைக் கவர்வதற்காக. இரண்டாம் வகையினர் எப்படியும் வருவார்கள்.

வருவார்களா? தில்லி மெட்ரோவின் அனுபவம் வேறு கதை சொல்கிறது. 2017 மே மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும் கட்டணம் இருமுறை உயர்த்தப்பட்டது. அதிகபட்சக் கட்டணம் 30 ரூபாயிலிருந்து மே மாதம் 50 ரூபாயாகவும் அக்டோபரில் 60 ரூபாயாகவும் ஆயிற்று. செப்டம்பரில் நாளொன்றுக்குச் சராசரியாக 27.4 லட்சமாக இருந்த பயணங்கள் அக்டோபரில் 24.2 லட்சமாகக் குறைந்தன. பண்டிகை மாதம் என்று ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம். எஞ்சியவர்கள் எங்கே போனார்கள்?

கணக்கிட்டுப் பாருங்கள். 21 முதல் 32 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு அக்டோபர் உயர்வுக்குப் பின் 50 ரூபாய். போகவர 100. மாதம் 26 வேலை நாட்களுக்கு 2,600. அட்டைக்கான 10 விழுக்காட்டுத் தள்ளுபடி போக 2,340. அவ்வாண்டு மார்ச்சில் தில்லி அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம், திறன்சாராத் தொழிலாளிக்கு, மாதம் 13,350 ரூபாய். அந்தத் தொகையும் முழுமையாகக் கைக்கு வருபவர் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். வந்தாலும், ஆறில் ஒரு பங்குக்கு மேல் மெட்ரோவுக்கே போய்விடும். வீட்டிலிருந்து நிலையத்துக்கு இ-ரிக்‌ஷா, நிலையத்திலிருந்து ஆலைக்கு ஷேர் ஆட்டோ ஆகியவை இதில் சேரவில்லை. சாதாரணப் பேருந்தில் அதிகபட்சக் கட்டணம் 15 ரூபாய். அதே 26 நாட்களுக்கு 780. வேறுபாடு 1,560 ரூபாய். இந்த ரூபாய்க்காக அவர் நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகச் சாலையில் கழிக்கிறார். அவருடைய நேரத்தின் விலை குறைவு என்பதை மதிப்பீட்டாளர் கணக்கிடத் தேவையில்லை. அவரே கணக்கிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார். 2025 ஆகஸ்டில் மீண்டும் ஓர் உயர்வு; குறைந்தபட்சம் 11 ரூபாய், அதிகபட்சம் 64. அதே ஆண்டு பிப்ரவரியில் பெங்களூரு மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60-லிருந்து 90 ரூபாயாயிற்று.

சரி, பேருந்துக்குப் போனால் பேருந்து வருகிறதா? 1998 ஜூலையில் உச்சநீதிமன்றம், தில்லியில் 2001 ஏப்ரல் 1-க்குள் 10,000 பேருந்துகள் இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த எண்ணிக்கை இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் எட்டப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் நகரம் எவ்வளவு பெருத்துவிட்டது! நிறுத்தத்தில் நிற்பவர் தொலைவைக் கொண்டு முடிவெடுப்பதில்லை. அடுத்த பேருந்து எப்போது வரும் என்று தெரியாத நிலையைக் கொண்டு முடிவெடுக்கிறார். பத்து நிமிடத்தில் வரும் என்று உறுதியானால் நிற்பார். பத்து நிமிடமா ஐம்பது நிமிடமா என்று தெரியாதபோது, கையில் சற்றுப் பணம் சேர்ந்தவுடன், மாதத் தவணையில் ஓர் இருசக்கர வாகனம் வாங்கிவிடுகிறார்.

அந்த வாகனத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். அதனை நடுத்தர வர்க்கத்தின் ஆசை என்று ஒதுக்கிவிடுவது தவறு. பேருந்து கைவிட்ட தொழிலாளி, போக்குவரத்துச் செலவையும் ஆபத்தையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஏறக்குறைய 20 பேர் நடந்து சென்றவர்கள். இன்னொன்றும் உண்டு. வீட்டுக்கு ஒரு வண்டி வரும்போது அது பெரும்பாலும் ஆணுக்கே போகிறது. அவன் போன பிறகு மனைவியோ மகளோ அதே நிறுத்தத்தில், முன்பைவிடக் குறைவாக வரும் பேருந்துக்காக நிற்கிறாள். ஒரே கூரையின்கீழ் இரண்டு பயணமுறைகள்!

ஆகவேதான் 2019 அக்டோபர் 29 முதல் தில்லி அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததை நாம் வரவேற்றோம். 'இலவசம்' என்று இகழ்ந்தவர்கள், நூறு கோடிக்கும் மேற்பட்ட இளஞ்சிவப்புப் பயணச்சீட்டுகள் வழங்கப்பட்டதைப் பார்த்தபின்னும் இகழ்கிறார்கள். பஞ்சாப், தமிழ்நாடு, கர்நாடகம், தெலங்கானா ஆகிய மாநிலங்களிலும் இத்தகைய திட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. கட்டணம் நீங்கியதால் விளைந்த மாற்றத்தில் பணம் ஒரு பகுதிதான். இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய வேலையை ஏற்கலாமா என்று தயங்கிய பெண்ணுக்கு இரண்டாவது சீட்டின் கணக்கு ஒழிந்தது. ஆனால் பேருந்துகளின் எண்ணிக்கை அதற்கேற்ப உயரவில்லை. பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தங்களில் பேருந்து நிற்காமல் போகிறது என்ற புகார் எழுந்தது. இப்போது தில்லி முகவரி உடையவர்களுக்கு மட்டும் என்று இதனைச் சுருக்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டுள்ளது. காசியாபாத்திலும் நொய்டாவிலும் வாடகை குறைவு என்பதற்காகக் குடியிருந்துகொண்டு தில்லி வீடுகளைத் துடைக்கும் பெண் எந்த முகவரியைக் காட்டுவாள்?

கட்டணத்தை மாற்றினால் மக்கள் மாறுகிறார்கள் என்பதற்கு மும்பையும் சாட்சி. 2019 ஜூலையில் அங்கே 'பெஸ்ட்' பேருந்துகளின் குறைந்தபட்சக் கட்டணம் 8 ரூபாயிலிருந்து 5 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. சில வாரங்களிலேயே பல லட்சம் பயணிகள் திரும்பி வந்தார்கள். ஆட்டோவிலும் ஷேர் டாக்சியிலும் போனவர்கள், நடந்தவர்கள் எனப் பலரும் வந்தார்கள். ஆனால் நிர்வாகம் சொந்தப் பேருந்துகளை வாங்காமல், ஒப்பந்தக்காரரின் பேருந்தை ஒப்பந்தக்காரரின் ஓட்டுநரோடு வாடகைக்கு எடுக்கும் பாதையில் வேகமாகச் சென்றது. 2025 மே மாதத்தில் அந்த 5 ரூபாய் 10 ரூபாயாயிற்று.

ஒரு காலத்தில் கட்டணம் நமது இயக்கத்தின் முதன்மைப் பிரச்சனையாக இருந்தது. 1953 ஜூலையில் கல்கத்தா டிராமில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா உயர்த்தப்பட்டது. அன்றைய பைசா அணாவில் நான்கில் ஒரு பங்கு. டிராம் நிறுவனம் பிரிட்டிஷ் முதலாளிகளுடையது. நாடு விடுதலை பெற்று ஆறாண்டுகள் ஆகியிருந்தன. இடதுசாரிக் கட்சிகள் இணைந்து எதிர்ப்புக் குழு அமைத்தன. தோழர் ஜோதி பாசு அதன் முன்னணியில் இருந்தார். போராட்ட முறை மிக எளியது: பயணிகள் டிராமில் ஏறிப் பழைய கட்டணத்தை மட்டும் நீட்டினார்கள். தடியடியும் கைதும் நிகழ்ந்தன. மாத முடிவுக்குள் உயர்வு திரும்பப் பெறப்பட்டது. ஒரு பைசாவுக்கா இவ்வளவு என்று அன்றும் கேட்டார்கள். முதல் வகுப்பில் சென்றவர்களுக்கு அந்தக் கேள்வி நியாயமாகத் தோன்றியிருக்கும்.

அந்த டிராமே இன்று இல்லாமற்போகிறது. 1873-இல் குதிரை பூட்டித் தொடங்கிய டிராமைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டு, மைதானத்தை ஒட்டிய ஒரு சிறு தடத்தை மட்டும் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொள்ளப் போவதாக மேற்கு வங்க அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. புகை கக்காத, மலிவான வாகனம் அருங்காட்சியகத்துக்கு. மின்சாரக் காருக்கு மானியம். இதையும் 'மக்களின் தேர்வு' என்றுதான் எழுதுவார்கள்.

நாம் செய்ய வேண்டியது என்ன? இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது சட்டம். மெட்ரோ ரயில் இயக்கம், பராமரிப்புக்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டணத்தை ஒரு குழு பரிந்துரைக்கிறது. அதன் தலைவர் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர். மற்ற இருவர் ஒன்றிய அரசும் மாநில அரசும் நியமிப்பவர்கள். பரிந்துரை நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும். பயணிகளின் பிரதிநிதிக்கு அதில் இடமில்லை, தொழிற்சங்கத்துக்கும் இல்லை. 2017-இல் தில்லி சட்டமன்றத்தில் எழுந்த எதிர்ப்பு உயர்வைத் தடுக்க முடியாமற்போனது இதனால்தான். இந்தச் சட்டத்தைத் திருத்தக் கோருவது நமது கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும்.

இரண்டாவது, பயணச் செலவைக் கூலியின் பகுதியாகப் பார்ப்பது. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடினோம். ஆலை வாயிலுக்கு வெளியே போகும் மூன்று மணி நேரத்தையும் 2,600 ரூபாயையும் தொழிலாளியின் சொந்த விவகாரமாக விட்டுவிட்டோம். நிர்வாகத்துக்கோ அது நன்றாகத் தெரியும். அதனால்தான் மேலாளருக்குக் காரும் எரிபொருளும் தருகிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கான ஊதியப் பேச்சுவார்த்தையில் பயணப்படி என்ற தலைப்பையாவது நாம் திறந்தாக வேண்டும்.

இதற்கு நம்மிடம் சொந்த விவரம் வேண்டும். அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் பணியிடத்திலோ குடியிருப்பிலோ ஐந்து பேரிடம் கேட்டு எழுதி வாருங்கள்; ஐவரில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். வீட்டை விட்டுப் புறப்படும் நேரம், சேரும் நேரம், மாறி ஏறும் வாகனங்கள், காத்திருப்பு, அன்றாடச் செலவு, மாதக் கூலி ஆகியவற்றைக் குறியுங்கள். கடைசியாக ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: தொலைவு காரணமாக வேண்டாமென்று விட்ட வேலை எது, அதற்கு எவ்வளவு கூலி?